சங்கரநாராயணன் வக்கீலின் சிவப்புப் பென்சில்

அறுபத்தஞ்சாம் வருஷத்து யுத்தத்தில் எதிரியின் டாங்கிகள் எல்லாம் ரிவர்ஸ் கியர் போட்டுத் திரும்பி ஓடியதற்கு ஒரே காரணம், பம்பாய் மாட்டுங்கா லேபர் கேம்பிலிருந்து போன சிக்னல்மேன் சங்கரநாராயணன் அன்றைக்கு லேசாகத் தும்மியதுதான். எழுபத்தொண்ணில் அவர் தும்மக்கூட இல்லை. மூக்கைச் சொறிந்தார், அவ்வளவுதான், பதிமூணே நாளில் யுத்தம் முடிந்துவிட்டது. பிறகு கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்குள் நுழைந்தார் என்றால் ஜட்ஜே எழுந்து நின்று, "சார், இன்னைக்கு நான் என்ன தீர்ப்பு சொல்லட்டும்?" என்று கேட்பார். தாராவிக் கொசுகூட அவரிடம் வாய்தா வாங்கிக்கொண்டுதான் கடிக்கும்.

இது ரஞ்சனா எழுதிய முதல் பத்தி. எழுதி முடித்ததும் அவளுக்கே ரொம்பப் பிடித்துப்போய், இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்தாள். பிறகு தாத்தாவிடம் நீட்டினாள்.

எண்பத்திரண்டு வயது சங்கரநாராயணன் பூதக்கண்ணாடியை எடுத்தார். வலது கையில் சிவப்புப் பென்சில். டீ டம்ளரைப் பிடித்தால் நடுங்கும் கை, பென்சிலைப் பிடித்தால் நடுங்காது. வரிக்கு வரி ஓரத்தில் ஓர் எழுத்து போட்டுக்கொண்டே வந்தார். பு. பு. பு. கொசு வரிக்கு மட்டும் கொஞ்சம் யோசித்தார். அதற்கும் பு.

"ஏட்டி, இது சர்வே ஆபீசுக்குப் போற காயிதம். கல்யாண வீட்டு வாழ்த்து மடல் இல்ல."

"கொஞ்சம் ஜோஷ் வேணாமா தாத்தா? படிக்கிறவனுக்குத் தூக்கம் வரும்."

"தூங்கட்டும். தூங்குதவன் கையெழுத்துப் போட்டுருவான். சிரிக்கவன் போடமாட்டான்."

அந்தப் பென்சில் எழுத்து, நாற்பது வருஷ வக்கீல் தொழிலில் அவர் வைத்திருந்த வழக்கம். அவரிடம் வருகிற கட்சிக்காரர் யாராக இருந்தாலும் முதலில் தன் கதையைத் தனக்குத் தெரிந்த பாஷையில் எழுதிக் கொண்டுவர வேண்டும். எழுதத் தெரியாதவர் வேறு யாரையாவது எழுத வைக்கலாம். ஆனால் எழுதினவர் அடியில், 'சொன்னதை எழுதினேன், இதில் எனக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை' என்று எழுதிப் பேர் போட வேண்டும். வக்கீல் அதை வாங்கி வரிக்கு வரி ஒரே கேள்வி கேட்பார்: "யாரு பார்த்தா?" சொல்கிறவரே கண்ணால் பார்த்தது என்றால் பா. அடுத்தவர் சொல்லிக் கேட்டது என்றால் கே. மிச்சமெல்லாம் பு. புளுகு. பா-வும் கே-வும் தனித்தனியாகப் பிரிந்து அஃபிடவிட்டுக்குப் போகும். பு குப்பைக் கூடைக்குப் போகும்.

இப்போது கட்சிக்காரர் அவரே. எழுதுகிறவள் பேத்தி ரஞ்சனா, வயது பதினேழு, பன்னிரண்டாவதில் இரண்டு பாடம் போனவள். எட்டாவது வரை முனிசிபாலிட்டி தமிழ் ஸ்கூலில் படித்ததால் அந்தச் சந்தில் அவள் வயதில் தமிழ் எழுதத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அந்தத் திறமை இவ்வளவு நாள் அக்கம்பக்கத்தார் கதவில் 'இங்கே பேய் உண்டு, பெல் அடிக்கவும்' என்று ஒட்டுவதற்குத்தான் உதவியது.

கதை எழுத வேண்டி வந்ததற்குக் காரணம் இது. லேபர் கேம்பை இடித்துப் புதுசாகக் கட்டப் போகிறோம் என்று சர்வேக்காரர்கள் வந்தார்கள். கதவுக்குக் கதவு பெயிண்டால் நம்பர் போட்டார்கள். இரண்டாயிரத்துக்கு முன்னாலேயே இந்த வீடு உங்களுடையதுதான் என்று காட்ட ஒரு காகிதம் கொடுங்கள் என்றார்கள். காகிதம் இருந்தால் இங்கேயே புது வீடு. இல்லாவிட்டால் எங்கே என்று கேட்டதற்கு அந்த ஆள் வாயால் பதில் சொல்லவில்லை. கையைக் கிழக்குப் பக்கமாக வீசிக் காட்டினான். கிழக்கே கடல் தாண்டிக்கூட இடம் இருக்கிறது.

பத்துக்குப் பதினைந்து அறை. அதில் தாத்தா, அவர் மகள் உமாமகேஸ்வரி, உமாவின் மகள் ரஞ்சனா. ரஞ்சனாவுக்கு மூன்று வயதாகும்போது உமா புருஷனை விட்டுவிட்டு ஒரு சூட்கேஸோடு இங்கே வந்தவள். வேறு போக்கிடம் கிடையாது. மகன் ரமேஷ்குமாருக்குச் செம்பூரில் ஃப்ளாட் இருக்கிறது. "அப்பா, பேசாம இங்க வந்துருங்க" என்று வாரம் ஒரு போன் வரும். நல்ல மகன்தான். ஆனால் அந்த ஃப்ளாட்டில் இன்னும் ஒரு கட்டிலுக்குத்தான் இடம். வீடு போனால் தாத்தா செம்பூர், அம்மாவும் மகளும் கிழக்கே.

சந்தில் எல்லோரிடமும் பழைய ரேஷன் கார்டு இருந்தது. வோட்டர் லிஸ்டில் பேர் இருந்தது. இவர்களிடமும் இருந்ததுதான். தொண்ணூற்றெட்டில் பாட்டி கனகவள்ளிக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், ஆஸ்பத்திரிக்குப் பக்கம் என்று இரண்டு பேரும் செம்பூர் மகன் வீட்டில் நாலு வருஷம் இருந்தார்கள். வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிற எவனும் ரேஷன் கார்டை மாற்ற மாட்டான். தாத்தா வக்கீல் ஆயிற்றே. குடிபோன அந்த மாதமே ரேஷன் கார்டு, வோட்டர் லிஸ்ட், கேஸ் புக் எல்லாவற்றையும் ஒழுங்காக, சட்டப்படி, வரிசையில் நின்று செம்பூர் விலாசத்துக்கு மாற்றினார். இரண்டாயிரமாம் வருஷம் பிறந்தபோது, அரசாங்கக் கணக்குப்படி அவர் லேபர் கேம்ப் ஆளே இல்லை.

"எல்லாரும் திருட்டுத்தனம் பண்ணிட்டு வீடு வாங்குதான். எங்கப்பா யோக்கியமா இருந்துட்டு தெருவுக்கு வரப்போறாரு" என்று உமா சப்பாத்திக் கட்டையை வேகமாக உருட்டினாள்.

இருந்த ஒரே நம்பிக்கை எண்பதுகளில், இந்த வீடு இவருடையது என்று சர்க்கார் கொடுத்த போட்டோ பாஸ். தாத்தாவும் பாட்டியும் கதவுக்கு முன்னால், வீட்டு நம்பர் எழுதின ஸ்லேட்டைப் பிடித்துக்கொண்டு, தப்புப் பண்ணின பிள்ளைகள் மாதிரி நிற்கும் போட்டோ அதில் இருக்கும் என்று உமா சொன்னாள். அது எங்கே என்று கேட்டால் தாத்தாவுக்கு இடது காது வேலை செய்யாது. எழுபத்தொண்ணில் பக்கத்தில் குண்டு வெடித்துப் போன காது. கோர்ட்டில் எதிர்க்கட்சி வக்கீலை எப்போதும் அந்தப் பக்கம்தான் நிற்க விடுவார். வீட்டில் உமாவும் அந்தப் பக்கம்தான்.

"பாஸ் கெடக்கட்டும். அஃபிடவிட் போடுவோம். பொறந்ததுல இருந்து இந்த இடத்துல இருக்கேன்னு முழுக் கதையும் கொடுப்போம். இன்னும் பதினஞ்சு நாள் இருக்கு. ஏட்டி, நோட்டை எடு."

"பிறப்பு?" என்றாள் ரஞ்சனா.

"நாற்பத்து மூணு. இதே லேபர் கேம்ப்."

"பா."

"பா எப்படி? நான் பொறந்ததை நான் பார்த்தேனா? எங்கம்மா சொன்னது. கே போடு."

இப்படி ஒரு மனுஷனிடம் கேட்டு வாழ்க்கை வரலாறு எழுதுவதைவிட, தாதர் ஸ்டேஷனில் காலை ஒன்பது மணிக்கு இறங்கத் தெரியாமல் ஏறுகிறவனுக்கு வழி சொல்லலாம். மூன்று நாளில் ரஞ்சனா ஒன்றரைப் பக்கம்தான் எழுதினாள்.

அப்பா தாராவித் தோல் பதனிடும் பட்டறையில் வேலை. பா. அந்த நாற்றம் சட்டையில் இருந்ததால் ஸ்கூலில் யாரும் பக்கத்தில் உட்காரவில்லை. பா. அறுபத்திரண்டில் எட்வின் என்கிற கூட்டாளியோடு பட்டாளத்தில் சேரப் போனார். இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்தவன் கையைத் தூக்கு என்றார்கள். இரண்டு பேரும் தூக்கினார்கள். இரண்டு பேருக்கும் தெரியாது. சிக்னல் பிரிவில் போட்டுவிட்டார்கள்.

ரஞ்சனா பேனாவை வைத்துவிட்டாள். "பு சொல்லிட்டா மிலிட்டரில சேர்ந்தீங்க?"

"அதுக்குத்தான்ட்டி அப்புறம் நாற்பது வருஷம் இந்தப் பென்சிலைப் புடிச்சேன்."

"சரி, யுத்தம். எத்தனை பேரைச் சுட்டீங்க?"

"டெலிபோன் கம்பிச் சுருளைத் தோள்ல தூக்கிட்டு ஓடுனேன். குண்டு விழுந்து கம்பி அறுந்தா, ஊர்ந்து போய் ரெண்டு முனையையும் முடிச்சுப் போடணும். அதான் வேலை."

"ஒரு குண்டாவது சுட்டீங்களா இல்லையா?"

"சுட்டேன்."

"எப்போ?"

"ஜபல்பூர் டிரெயினிங்ல. அட்டைப் பலகையை."

"பட்டுச்சா?"

"கே."

"என்ன கே?"

"பட்டுச்சுன்னு எட்வின் சொன்னான். நான் பார்க்கல."

ரஞ்சனா தலையைச் சுவரில் மெதுவாக இரண்டு தடவை முட்டிக்கொண்டாள். எழுதினாள்: 'மனுதாரர் இரண்டு யுத்தத்திலும் கம்பியை முடிச்சுப் போட்டார்.' இதைப் படித்துவிட்டு எந்த அதிகாரி வீடு கொடுப்பான்?

எழுபத்தேழில் பட்டாளத்தை விட்டு வந்தார். பகலில் ஒரு பேங்க் வாசலில் காவல், சாயங்காலம் சட்டக் கல்லூரி. கனகவள்ளி தாராவியில் ஒரு தையல் பட்டறையில் காலர் தைத்துவிட்டு வந்து சமைப்பாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து சட்டத்தைச் சத்தம் போட்டு ஒப்பிப்பார். ஒப்பந்தச் சட்டத்தில் இரண்டு தடவை தோற்றார். இரண்டாவது தடவை கனகவள்ளி கரண்டியைக் கீழே வைத்தாள். "செக்‌ஷன் எல்லாம் எனக்கே வந்துட்டு. அடுத்த பரீட்சைக்கு உங்க பேன்ட்டைக் கொடுங்க, நான் போய் எழுதுதேன்." மூன்றாவது தடவை தேறினார். எண்பத்து மூன்றில் கறுப்புக் கோட்டு வந்தது. அதன் காலரையும் அவளே பிரித்துத் தைத்தாள், கடையில் தைத்தது கோணல் என்று.

இதற்கெல்லாம் பா விழுந்தது. அதுவும் அழுத்தமாக விழுந்தது.

குடித்தனத்திலும் வக்கீல்தான். பிள்ளைகளுக்கு லீவு லெட்டர் எழுதினால், 'மேற்படி மாணவி நேற்று முதல் காய்ச்சலால் பாதிக்கப்பட்டு' என்றுதான் ஆரம்பிப்பார். உமாவுக்கு ஸ்கூலில் 'மேற்படி' என்றே பட்டப்பேர். அதே உமாவின் விவாகரத்து நடந்தபோது மட்டும் அவர் கோட்டுப் போடவில்லை. சொந்த மகளுக்கு வக்கீலாக நின்றால் வாய் குழறும் என்று கேஷவிடம் கேஸைக் கொடுத்தார். கேஷவ் அவரிடம் ஜூனியராக இருந்த மராட்டிக்காரர். ஒவ்வொரு வாய்தாவுக்கும் தாத்தா வேட்டி சட்டையில் போய்க் கடைசி பெஞ்சில், மகளின் டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இதை உமா சொல்லி ரஞ்சனா எழுதினாள். தாத்தா மேலேயும் கீழேயும் பார்த்துவிட்டு, "இது கேஸுக்குத் தேவையில்லை" என்று அடித்துவிட்டார். ரஞ்சனா அதை வேறொரு பக்கத்தில் திரும்ப எழுதிவைத்தாள். அவருக்குத் தெரியாது என்று நினைத்தாள்.

பத்தி பதினாலு: 'போட்டோ பாஸ்.' அங்கே வந்ததும் தாத்தா, "அதை அப்புறம் பார்க்கலாம்" என்றார். காலியாக விட்டுப் பதினைந்துக்குப் போனார்கள். இரண்டு நாள் கழித்துக் கேட்டாள். "அப்புறம்." நாலு நாள் கழித்துக் கேட்டாள். இடது காது.

எட்டு நாள் பாக்கி இருந்தபோது ஒரு காலை, "கோர்ட்டுல ஒரு சின்ன வேலை, வா" என்று கூட்டிக்கொண்டு போனார். ரெக்கார்டு ரூம் மூன்றாவது மாடி. லிஃப்ட் இருந்தது, 'பழுது' என்ற போர்டும் இருந்தது. முதல் திருப்பத்தில் அவர் செருப்பு வார் அறுந்தது. ரஞ்சனா இரண்டு செருப்பையும் கையில் எடுத்துக்கொண்டாள். அவர் கைப்பிடியைப் பிடித்து, ஒரு படிக்கு ஒரு மூச்சு விட்டு, வெறும் காலோடு ஏறினார். மேலே கிளார்க் ஒரு ரிஜிஸ்டரைப் புரட்டி, ஒரு வரியில் விரலை வைத்தான். "நஷ்ட் கேலா." பழைய கேஸ். வருஷக்கணக்கு முடிந்ததும் விதிப்படி அழித்தாகிவிட்டது. அதற்குள் அசல் காகிதத்தைத் திருப்பி வாங்கியிருக்க வேண்டியது வக்கீலின் வேலை.

"ஆமா. வக்கீலோட வேலைதான்" என்றார் தாத்தா, தமிழில், அவனுக்குப் புரியாது என்று தெரிந்தே.

அவர் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, கீழே நோட்டரி மேஜை போட்டிருக்கிற கேஷவ் மேலே ஓடி வந்தார். ரஞ்சனாவை ஓரமாகக் கூப்பிட்டு ஹிந்தியில் விஷயத்தைச் சொன்னார். தொண்ணூற்றொண்ணில் ஆஸியா என்கிற பக்கத்து அறைக்காரிக்கு ஒரு கேஸ். அந்த வீட்டு வரிசையே முன்னால் கிடையாது, நேற்று முளைத்தது என்று எதிர்க்கட்சி சாதித்தது. வரிசை இருந்தது என்று காட்ட அசல் காகிதம் வேண்டும் என்றார் ஜட்ஜ். சார் தன் சொந்த போட்டோ பாஸைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டார். ஆஸியா ஜெயித்தாள். பாஸ் ஃபைலிலேயே தங்கிவிட்டது.

"எந்தக் கட்சிக்காரன் வந்தாலும் சார் சொல்ற முதல் வார்த்தை என்ன தெரியுமா? அசலைக் கையை விட்டுக் கொடுக்காதே. எனக்கு அவர் சொல்லிக்கொடுத்த முதல் சட்டமே அதுதான்" என்றார் கேஷவ்.

இறங்கும்போது தாத்தா கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மூன்றாவது திருப்பத்தில் அவர் மூச்சு வாங்க நின்றார். ரஞ்சனாவும் நின்றாள், செருப்புகளைப் பிடித்துக்கொண்டு. சுவரில் 'இங்கே துப்பாதீர்கள்' என்று மராட்டியில் எழுதியிருந்ததை மூன்று தடவை படித்தாள்.

வீட்டுக்கு வந்தும் பத்தி பதினாலு காலியாகவே இருந்தது. நாளை, நாளை என்றார். ஆறு நாள். ஐந்து நாள். சர்வே ஆபீசில் போய்க் கேட்டால் ஆறாம் நம்பர் ஜன்னல் ஒன்பதுக்குப் போ என்றது, ஒன்பது ஆறுக்குப் போ என்றது. உமா வேலைக்கு இரண்டு நாள் லீவு போட்டு இரண்டு ஜன்னலுக்கும் நடந்து, மூன்றாம் நாள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். ரஞ்சனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யோக்கியமாம் யோக்கியம். சரி, யோக்கியம் இல்லாத வேலை நமக்கு நன்றாக வரும்.

தொண்ணூறடி ரோட்டில் அவளோடு படித்த நகுல் வேலை பார்க்கிற ஜெராக்ஸ் கடையில், பழைய எழுத்தில் ஒரு பில் தயாரானது. 'ராஜலக்ஷ்மி எலெக்ட்ரிக்கல்ஸ்', கிங்ஸ் சர்க்கிள், விலாசம், போன் நம்பர், தேதி 14-3-1989. சீலிங் ஃபேன் ஒன்று, லேபர் கேம்ப் வீட்டு நம்பர் போட்டு, சங்கரநாராயணன் பேருக்கு. அந்தக் கடை உலகத்தில் எங்கும் இல்லை. ஆனால் ஃபேன் மேலே சுற்றிக்கொண்டுதான் இருந்தது, உமாவுக்கு நினைவு தெரிந்த நாள் முதல். ஆகவே விஷயம் நிஜம், காகிதம்தான் பொய் என்று ரஞ்சனா தன் மனசாட்சிக்கு ஒரு வாய்தா கொடுத்தாள். காகிதத்தை டீயில் நனைத்தாள். உலர்த்தினாள். அயர்ன் பாக்ஸால் தேய்த்தாள். நாலாக மடித்து ஒரு வாரம் பிருஷ்டத்தின் கீழ் வைத்து உட்கார நேரமில்லாததால், ஓர் இரவு தலையணைக்கு அடியில் வைத்தாள். காலையில் பாட்டியின் தகரப் பெட்டிக்குள், பழைய கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவே செருகினாள்.

"தாத்தா! பாட்டி பெட்டியில என்னமோ பில் மாதிரி இருக்கு!" நன்றாகவே நடித்தாள்.

அவர் கண்ணாடி வழியாகப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"எங்க இருந்துச்சு?"

"பெட்டியில."

"யாரு பார்த்தா?"

"நான்தான்."

"அப்ப பா போடட்டுமா?"

"போடுங்க."

பென்சில் காகிதத்துக்கு மேலே வந்து நின்றது. "கடை போன் நம்பரைப் படி."

படித்தாள்.

"எத்தனை நம்பர்?"

"எட்டு."

"அந்த வருஷம் பாம்பேல எந்த வீட்டு போனுக்கும், எந்தக் கடை போனுக்கும் ஏழுக்கு மேல நம்பர் கெடையாது. எட்டாவது நம்பர் உங்கம்மா காலேஜ் போகையிலதான் வந்துச்சு." காகிதத்தை மூக்கருகே கொண்டுபோனார். "இஞ்சி வேற போட்ருக்கே." மூலையில் சின்னதாக பு போட்டார். "மடிப்பு பிரமாதம். ஆனா ஏட்டி, இதைக் கொண்டு போனா உள்ள வச்சுருவான். உன்னை ஜாமீன்ல எடுக்க என்னால அந்தப் படி ஏற முடியாது."

ரஞ்சனா வெடித்தாள். "அப்போ வேற என்ன செய்யணும்? நிஜத்தை நீங்களும் சொல்ல மாட்டேங்கிறீங்க! பதினாலு நம்பர் ஒரு வாரமா காலியா கிடக்கு. ஊர்ல எல்லார் கதையிலயும் பென்சிலால குத்துனீங்கல்ல? உங்க கதையில மட்டும் ஓட்டை. அம்மா ஆபீஸ் ஆபீஸா அலையுது. நீங்க காது கேக்காத மாதிரி உட்கார்ந்திருக்கீங்க!"

தாத்தா பூதக்கண்ணாடியைத் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"பாஸ் எங்கேன்னு உனக்குத் தெரியுமா?"

"கேஷவ் அங்கிள் சொன்னார்."

"அப்ப அது கே. கே-யை வச்சு எழுதக்கூடாது. நான் சொல்லுதேன். பா-ன்னு எழுது."

அவர் சொன்னார். அசலை ஆஸியா கேஸில் தானே கொடுத்தது. கேஸ் முடிந்ததும் மற்ற கட்சிக்காரர்களுக்கெல்லாம் கார்டு போட்டு, அசலை வந்து வாங்கிக்கொண்டு போகச் சொன்னது. தன்னுடையதை நாளை வாங்கலாம், நாளை வாங்கலாம் என்று விட்டது. ஒவ்வொரு பொங்கலுக்கும் பெட்டியைத் துடைக்கிறபோது, "பாஸ் எங்கங்க?" என்று கனகவள்ளி கேட்டது. "பத்திரமா இருக்கு" என்று தான் சொன்னது.

"அது பு" என்றார். "அவகிட்ட சொன்ன பு. அவ போற வரைக்கும் மாத்திச் சொல்லல. அதையும் எழுது."

"இது சர்வே ஆபீசுக்கு எதுக்கு தாத்தா?"

"அங்க வேண்டாம். கதையில இருக்கட்டும்."

அதற்குப் பிறகு ஒரு வழி தெரிந்தது. தீர்ப்பு நகல் ஆஸியாவிடம் இருக்க வேண்டும். அதில் என்னென்ன காகிதம் காட்டப்பட்டது என்று பட்டியல் வரும். ஆஸியா இப்போது கோவண்டியில் மகள் சஃபீனா வீட்டில். ரஞ்சனா போனாள். படுத்திருந்த கிழவி பேர் கேட்டதும் எழுந்து உட்கார்ந்தாள். "வக்கீல் அண்ணன் பேத்தியா? அண்ணன் நல்லா இருக்காகளா? காது கேக்குதா?" சஃபீனா மெத்தைக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை இழுத்தாள். நகல் இருந்தது. ரஞ்சனா பஸ் ஸ்டாப்பிலேயே பிரித்துப் பார்த்தாள். காட்டிய காகிதங்கள், ஏழாவது: வக்கீலின் சொந்த வீட்டு போட்டோ பாஸ், அறை எண் 3. அந்த 3-க்குப் பக்கத்தில் குண்டூசி முப்பது வருஷம் துருப்பிடித்து, அடுத்த எண்ணைத் தின்று, பழுப்பாக ஒரு ஓட்டை போட்டிருந்தது. முப்பதிலிருந்து முப்பத்தொன்பது வரை எவன் வீடாகவும் இருக்கலாம்.

அவள் பஸ் ஸ்டாப் கம்பத்தை ஓர் உதை விட்டாள். கால்தான் வலித்தது.

ஆனாலும் கொடுத்தார்கள். கேஷவ் மராட்டியில் எழுதி சீல் வைத்த அஃபிடவிட், ஓட்டை விழுந்த நகல், பட்டாளத்து டிஸ்சார்ஜ் புத்தகம், ஆஸியா கைநாட்டு வைத்துக் கொடுத்த ஒரு பக்கம். கடைசி நாள், ஆறாம் நம்பர் ஜன்னல். உள்ளே இருந்த அம்மாள் ஓட்டை வழியாக விரலை விட்டுப் பார்த்தாள். தாத்தா நிமிர்ந்து நின்று, முப்பத்து நாலு என்றார். அவள் ரசீது கிழித்துக் கொடுத்தாள். "தேகேங்கே, பார்க்கிறோம். போன் வரும்." எப்போது வரும்? அதற்கு அவள் கையை வீசினாள். இந்தத் தடவை மேற்குப் பக்கம். நல்ல சகுனமா என்று தெரியவில்லை.

இரண்டு வாரமாகப் போன் வரவில்லை. செம்பூரிலிருந்துதான் வருகிறது. "அப்பா, கட்டில் வாங்கிப் போட்டுட்டேன்." தாத்தா வலது காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "பார்ப்போம்டா" என்று வைத்துவிடுகிறார்.

நேற்றுச் சாயங்காலம் அவர் தமிழ்க் கதையை, அந்தப் பதினோரு பக்கத்தையும், மறுபடி எடுத்தார். மராட்டிதான் ஆபீசுக்குப் போனது; இது வீட்டில் கிடந்தது. டிபன் பாக்ஸ் விஷயம் திரும்ப முளைத்திருந்த இடத்துக்கு வந்ததும் ஒரு கணம் நின்று, அடிக்காமல், பா போட்டுவிட்டுக் கடைசிப் பக்கத்துக்குப் போனார்.

"ஏட்டி, இங்க வா."

கடைசியில் ரஞ்சனா வழக்கப்படி எழுதியிருந்தாள்: 'சொன்னதை எழுதினேன். இதில் எனக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. தாத்தா செம்பூருக்குப் போனால் கட்டில் எனக்கு. இப்படிக்கு, ரஞ்சனா.'

அதற்கு நேரே, சிவப்பில், தடிமனாக ஒரு பு.

"அரே, தாத்தா! அது நீங்க வச்ச வழக்கம். எல்லாரும் எழுதுறதுதானே! பு-ன்னு எப்படிப் போடலாம்? யாரு பார்த்தா?"

"நான்."

"என்னத்தைப் பார்த்தீங்க?"

"கோர்ட்டுப் படிக்கட்டு. மூணாவது திருப்பம். என் செருப்பைக் கையில வச்சுக்கிட்டு, எச்சில் துப்பாதேன்னு செவுத்துல எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்ப வாசிச்சுக்கிட்டு நின்னியே."

"அங்க தூசி. கண்ணுல விழுந்துட்டு."

சொல்லிவிட்டு அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தச் சுவரில் படிக்க ஒன்றுமே இல்லை.

"இங்கயும் தூசியாட்டி?" என்றார் சங்கரநாராயணன்.